பிழிவது வேறு, காய்வது வேறு

அன்னக்கிளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். நெல்லித்தோப்பில் அவள் குடியிருக்கும் மாடி வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். போன ஐப்பசியில் ஒரு நாள், வேலை முடிந்து வந்தவள், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அட்டைப்பெட்டியைப் பார்த்தபோது குரல் அப்படி இறங்கியது.

"இது என்ன தம்பி?"

"ட்ரையர் அண்ணி. நீங்க கேட்டதுதான்" என்றான் அவள் கணவனின் தம்பி விஜயராகவன். "ஸ்டிக்கரைப் பாருங்க, அஞ்சு ஸ்டார். கரண்டே சாப்பிடாதாம்."

பெட்டிக்குள் இருந்தது இரண்டு தொட்டி வாஷிங் மெஷின். ஒரு தொட்டி துவைக்க, மற்றது பிழிய. அந்தப் பிழிகிற தொட்டியைத்தான் இங்கே எல்லா வீடுகளிலும் ட்ரையர் என்கிறார்கள். 'ட்ரையர்ல போட்டு எடுத்துக் கொடியில காயப்போடு' என்று தினமும் சொல்கிறார்கள். காயவைக்கும் கருவியிலிருந்து எடுத்ததை மறுபடி ஏன் காயப்போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஒரு சொல் பழகிவிட்டால் அதன் பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்னக்கிளி அந்தத் தவறைச் செய்ய மாட்டாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கே பிழிகிற மெஷின்கள் ஒரு வரிசை, சூடான காற்றில் துணியை உருட்டி உருட்டிக் காயவைக்கும் ட்ரையர்கள் எதிர் வரிசை. ஒன்றை மற்றதன் பெயரால் சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார்.

"தம்பி, இது பிழியற மெஷின். எனக்குக் காய வைக்கிற மெஷின் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணி?"

"ஒண்ணா? இதுல சுத்தி எடுத்த விரிப்புல உங்கண்ணனைப் படுக்க வைக்கலாமா? சொல்லுங்க. வைக்கலாம்னா இப்பவே வைக்கிறேன்."

விஜயராகவன் ஸ்டிக்கரையே மறுபடி பார்த்தான். உள்ளே படுத்திருந்த அவள் கணவர் தெய்வசிகாமணிதான் பதில் சொன்னார்: "அவன் தெரியாம செஞ்சிட்டான், விடு அன்னம்."

"எல்லாரும் தெரியாமத்தான் செய்யறாங்க. தெரிஞ்சுக்கத்தான் ஒருத்தருக்கும் நேரமில்ல."

தெய்வசிகாமணி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டரை வருஷம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சிறுநீர் கசியும், கசிவது அவருக்கே தெரியாது. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, சில நாள் ஐந்து. ஆவணியில் பின்னிடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாகத் தொடங்கிய புண், ஐப்பசிக்குள் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. டாக்டர் வளைத்துப் பேசவில்லை. "ஈரம்தான்மா எதிரி. மருந்து நான் தர்றேன், ஈரத்தை நீங்கதான் நிறுத்தணும். எலும்பைத் தொட்டுட்டா ஆபரேஷன். அதை இந்த உடம்பு தாங்குமான்னு நான் சொல்ல முடியாது."

வெயில் நாளில் சமாளித்தாள். மழை பிடித்ததும் வீட்டுக்குள் கட்டிய கொடியில் விரிப்புகள் மூன்று நாள் தொங்கின. தொட்டால் காய்ந்தது போலிருக்கும். உடம்புச் சூடு பட்டதும் உள்ளே ஒளிந்திருந்த ஈரம் வெளியே வரும். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதன் கீழே மழையிலும் காற்றோட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. சித்திரையில் ஹவுஸ் ஓனர் கோபிநாத் அதைப் பிரித்துவிட்டு மாடி முழுக்க சோலார் தகடு போட்டார். மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டார். கேட்டதற்கு, "ஈரத்துணி தண்ணி பட்டா வாரண்டி போயிடும்மா" என்றார். வெயிலில் துணி காயப்போடும் உரிமை ஒரு பூட்டால் முடிந்துபோனது. அந்த வெயிலில் வரும் மின்சாரமோ கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய ஏசிக்கு.

ட்ரையர் வாங்கப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு ட்ரையரா?" கணவனின் அக்கா இன்னும் ஒருபடி மேலே போனாள். "பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கற பணக்கார வீட்டுல கேட்கற சாமானெல்லாம் கேட்கறாளே." மாடியும் வெயிலும் உள்ளவர்களுக்கு ஆடம்பரம் எது என்பதில் சந்தேகமே வருவதில்லை. அன்னக்கிளி நாத்தனாரிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒரு ராத்திரி ஈரத்துணி மேல படுத்துப் பார்த்துட்டுப் பேசறீங்களா அண்ணி?" அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர்கள் போக்குவரத்து நின்றது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான். நாத்தனார் வருஷம் முழுக்க மருந்துச் செலவில் பங்கு கொடுத்து வந்தவள். கோபத்தில் அன்னக்கிளி ஆள் பார்ப்பதில்லை, அது அவளுடைய குறை.

மறுநாள் லீவு போட்டாள். தவணை அட்டை விஜயராகவன் பெயரில் இருந்ததால் அவனும் வர வேண்டியிருந்தது. அவன் ஆட்டோவில் பெட்டியை ஏற்றினான். அவள் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாளில என்ன அண்ணி?"

"விரிப்பு."

"கடைக்கு எதுக்கு?"

"பொண்ணு பார்க்கப் போகல தம்பி. மெஷின் பார்க்கப் போறோம்."

நூறடி ரோட்டுக் கடையில் விக்ரம் என்ற விற்பனையாளன் பிழியும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலில் மறுத்தான். பிறகு விலை கூடிய சாமான் வாங்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சம்மதித்தான். அதன் பின் அவன் பேசியதெல்லாம் விஜயராகவனிடம்.

"சார், டம்பிள் ட்ரையர் இதுதான். அம்பது நிமிஷத்துல மொறுமொறுன்னு எடுத்துடலாம். இதுவும் அஞ்சு ஸ்டார் சார்."

அன்னக்கிளி குனிந்து ஸ்டிக்கரைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் முழுக்கப் படிப்பாள்.

"இதுல வாஷிங் மெஷின்னு போட்டிருக்கு."

விக்ரம் இப்போதுதான் அவளைப் பார்த்தான். "அது... பக்கத்து மெஷினோடது மேடம். யாரோ மாத்தி ஒட்டிட்டாங்க."

"அப்ப இதுக்கு எத்தனை ஸ்டார்?"

"ட்ரையருக்கு நாங்க ஸ்டார் பார்க்கறதில்ல மேடம். ஆனா அஞ்சு ஸ்டார் மாதிரிதான்."

"மாதிரி! புருஷன் மாதிரி ஒருத்தன், சோறு மாதிரி ஒண்ணு. பிளக் எங்க இருக்கு?"

அவள் பையிலிருந்து எடுத்தது ஒரு பிளக் மீட்டர். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை யூனிட் ஆனது என்று காட்டும். மருத்துவமனை எலக்ட்ரீஷியன் சின்னக்கண்ணுவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். வாளியில் இரண்டு பாலிதீன் பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விரிப்பு. காய்ந்தபோது இருந்த எடை, பிழிந்தபின் இருந்த எடை இரண்டும் ஒரு சீட்டில் எழுதியிருந்தது. இரண்டு ஜோடிக்கும் ஒரே எடை. சலவைப் பிரிவில் புது மெஷின் வந்தால் இப்படித்தான் சோதிப்பார்கள். போன எடை எத்தனை கிராமோ, அத்தனை தண்ணீர் வெளியேறியிருக்கிறது. வேறு எந்தப் பேச்சையும் அங்கே யாரும் நம்புவதில்லை.

"மேடம், டிஸ்ப்ளே பீஸை ஓட்ட மாட்டோம்."

"ஓட்டாத சாமானை நான் வாங்க மாட்டேன். அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

ஓட்டினான்.

மீட்டர் இரண்டாயிரத்து நூறு காட்டியது. கால் மணி நேரத்தில் பின்பக்கக் குழாய் வழியே ஆவி வந்தது. ஏசி போட்ட கூடத்தில் டிவிகளின் திரையெல்லாம் வியர்த்தன. கிருமி கொல்லும் லைசாலின் வாசனை பரவியது. துணிக்குள் எத்தனை துவைத்தாலும் போகாத இன்னொரு வாசனையும் மெல்ல வந்தது. ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போயிற்று.

"அண்ணி, போதும்" என்றான் விஜயராகவன் பல்லைக் கடித்தபடி. "எல்லாரும் பார்க்கறாங்க. மானம் போவுது."

அன்னக்கிளியின் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்ற விக்ரமுக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

"மானமா? இந்த வாசனைல ரெண்டரை வருஷமா உங்கண்ணன் கெடக்கறாரு. வாசப்படியைத் தாண்டி நீங்க உள்ள வந்ததில்ல. பழம் வாங்கிட்டு வந்து வெளிய நின்னு 'எப்படிண்ணே இருக்கே'ன்னு கேட்டுட்டுப் போவீங்க. அதுல போவாத மானம் இங்க போவுதா?"

அவன் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஐம்பது நிமிஷத்தில் விரிப்புகள் காய்ந்தன. அவள் எடுத்து ஓரத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். அங்கும் ஈரம் இல்லை. மீட்டரில் ஒன்றேகால் யூனிட். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இவ்ளோ பெரிய கூடத்துலயே கண்ணாடி நனையுது. என் வீட்டுல இருக்கறது ஒரு ரூமு. இந்த ஆவி செவுத்துல போயி ஒக்காரும், திரும்ப அவர் மேலதான் எறங்கும். அதுவும் ரெண்டாயிரம் வாட்டு. ஆயிரத்துக்கு மேல இழுக்கற சாமான் கூடாதுன்னு ஓனர் அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கியிருக்காரு. இஸ்திரிப் பெட்டி போட்டாலே மேல ஏறி வந்து நிப்பாரு. வேற இல்லையா?"

விக்ரம் தயங்கினான். மூலையில் பாலிதீன் சுற்றி ஒன்று நின்றது. கடற்கரைப் பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்று இரண்டு கேட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனதில் மிஞ்சியது.

"அது ஹீட் பம்ப் மேடம். வேணாம். ரொம்ப ஸ்லோ. ரெண்டரை மணி நேரம் ஆவும். துணி சூடாவே வராது."

"சூடு எனக்கு எதுக்கு? தண்ணி போவணும். ஆவி எங்க விடும்?"

"விடாது மேடம். உள்ளயே தண்ணியாக்கி ஒரு டப்பால புடிச்சு வச்சிடும். அந்தச் சூட்டையே திரும்பத் திரும்ப உபயோகிக்கும்."

"இதை மொதல்லயே சொன்னா என்ன?"

"யாரும் கேட்டதில்ல மேடம். விலை அதிகம்."

இரண்டாவது பையிலிருந்த விரிப்புகளை அதில் போட்டாள். மீட்டர் அறுநூற்றைம்பதைத் தாண்டவில்லை. விற்பனைக்கு இருந்த ஒரு சோபாவில், பாலிதீன் உறையின் மேல், காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். மானேஜர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். விஜயராகவன் மூன்று முறை டீ குடித்தான்.

நின்றபோது மீட்டரில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். கடைத் தராசில் விரிப்பின் எடை சீட்டில் இருந்த எடைக்கே வந்திருந்தது. டப்பாவைத் திறந்து காட்டினான் விக்ரம். ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. அவன் முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம். தான் விற்கும் சாமானை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறான்.

"இதுதான்" என்றாள் அன்னக்கிளி. "தம்பி, அட்டையைக் குடுங்க."

அவள் புத்திசாலி என்று சொல்ல இது காரணமாகாது. அன்றாடம் செய்யும் வேலையை வேலையிடத்தோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் எடுத்து வந்தாள், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

மெஷின் வந்த மூன்றாம் நாள் கோபிநாத் மாடியேறி வந்தார். கரண்ட் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார், ஓட்டம் அவர் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. சத்தம் வருகிறதே என்றார். மழைச் சத்தம் சார் என்றாள். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விஜயராகவன் பழத்தோடு வந்தான். வாசலுக்கு வெளியே நின்றபடியே யாரோ சொந்தக்காரரோடு போனில் பேசினான். "ஆமா, நான்தான் வாங்கிக் குடுத்தேன். சும்மா இல்ல, ரெண்டையும் ஓட விட்டு மீட்டர் வச்சு பார்த்துட்டுத்தான் எடுத்தேன். ஏமாத்தப் பார்த்தாங்க, விடுவனா?"

உள்ளே அன்னக்கிளி புதிதாகக் காய்ந்த விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தம்பி, போனை வச்சுட்டு உள்ள வாங்க."

"என்ன அண்ணி?"

"வாங்க. விரிப்பு மாத்தணும். தனியா பொரட்டிப் பொரட்டி எனக்கு முதுகு விட்டுப்போச்சு."

தெய்வசிகாமணி தலையைத் தூக்கினார். "வேணாம் அன்னம். அவன் பயந்துடுவான்."

"பயப்படட்டும்."

விஜயராகவன் வாசப்படியில் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அண்ணனின் தோளிலும் தொடையிலும் எப்படிக் கை கொடுக்க வேண்டும் என்று அவள் இரண்டே வார்த்தையில் சொன்னாள். அவன் புரட்டிப் பிடித்தான். அவள் புண்ணின் கட்டைப் பிரித்தாள்.

அவன் பார்த்துவிட்டான். கண்ணை மூடினான், திறந்தான்.

"இவ்ளோ பெருசா அண்ணி?"

"போன வாரம் ஓரமெல்லாம் ஊறி வெள்ளையா இருந்துச்சு. இப்ப ஓரம் காஞ்சிருக்கு. நடுவுல அப்படியேதான் இருக்கு. ஆறுமான்னு டாக்டரே சொல்லல."

அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "கை வலிச்சா சொல்லுடா" என்றார்.

அன்னக்கிளி பழைய விரிப்பைச் சுருட்டி இழுத்தாள். புதியதை விஜயராகவனின் வயிற்றை ஒட்டிப் படுக்கையில் நீட்டினாள். அவள் முகம் இளகவில்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க தம்பி. சுருக்கம் விழாம விரிக்கணும். அடுத்தது சாயந்தரம் ஆறு மணிக்கு. அதுவரைக்கும் இருங்க."