காசில்லாத டிக்கெட்

பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் போகும் டவுன் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கார் இடித்ததில் இடது முட்டி மடங்கவில்லை, நஷ்டஈட்டுக்கு கேஸ் நடக்கிறது என்று ஏறியதுமே சொல்லியிருந்தார். காலை நடைபாதையில் நீட்டி, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்திருந்தார். மடியில் உப்பிப்போன எக்ஸ்ரே கவர்.

“பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே, டிக்கெட் எதுக்கும்மா?” என்று கண்டக்டர் நகரப் பார்த்தார்.

நீட்டிய கையை அந்த அம்மா மடக்கவில்லை. “ஃப்ரீன்னாலும் கிழிச்சுக் குடுங்க.”

வாங்கிய டிக்கெட்டின் பின்பக்கம் ‘ஆஸ்பத்திரி - முட்டி மடக்கும் பயிற்சி’ என்று எழுதி, கவருக்குள் இருந்த மருந்துக்கடை பில்களோடு சேர்த்து ஊசியால் குத்திவைத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “கேசுக்கு செலவான பில்லுதானம்மா கேப்பாங்க? இதுல காசே இல்லியே?”

“ஒரே வாரத்துல எந்திரிச்சு நடந்துட்டேன்னு கார்க்காரன் கோர்ட்டுல சொல்றான் சார். எட்டு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன். காச கவர்மெண்டு குடுக்குது. அலையிறது நாந்தான?”

பெரம்பலூரில் இறங்கும்போது, “கவரைக் குடுங்கம்மா, நான் புடிச்சுக்கறேன்” என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஊன்றுகோலை என் கையில் கொடுத்தார். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.