ஜீப்பை நிறுத்திக் கேட்ட அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. கேரள மலையில் இருக்கும் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்தில் ஒரு சின்ன அலுவலகம் உண்டு. அங்கேதான் எனக்கு வேலை. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏலக்காய் பறிக்கப் போய்விட்டு, பிற்பகலில் திரும்புவார்கள். நாளைக்கு எத்தனை பேர் வேண்டும், எந்தப் பக்கம் வேலை என்று அவர்களுக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு.

தகவல் சொல்வது என்றேன் பாருங்கள், அங்கேதான் வேடிக்கை. எனக்குத் திக்குவாய், சின்ன வயதிலிருந்தே. திக்குகிறவர்கள் பிழைப்பதற்கு ஒரு வழி வைத்திருப்போம். வராத சொல்லை விட்டுவிட்டு வருகிற சொல்லைப் போட்டுக்கொள்வோம். எனக்குக் காபிதான் பிடிக்கும். ஆனால் கடையில் நாலு பேர் நின்றால் 'கா' தொண்டையிலேயே நின்றுவிடும். சரி போ என்று டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவேன்.

அதனால் அலுவலகத்தில் யாருக்கும் போன் போடுவதே இல்லை. எல்லாம் வாட்ஸப்தான். சுருக்கமாக, குழப்பமில்லாமல் எழுதுவேன். மேனேஜர் மற்றவர்களிடம், "தகவல் சொல்றதுன்னா இந்தத் தம்பி மாதிரி சொல்லணும்யா" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், உள்ளே கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

அன்றைக்கு மேனேஜர் தேனிக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது, மலையிலிருந்து மூட்டை ஏற்றி வந்த எங்கள் பிக்கப் டிரைவர் கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, மெட்டுக்குக் கீழ வளைவுல மண்ணு சரியுது. கல்லா உருண்டு வருது, நான் தப்பிச்சு வந்ததே பெருசு. நம்ம ஜீப்ப இறங்க வேணாம்னு சொல்லிருங்க. போன்ல சார்ஜ் இல்ல..." அதோடு அவர் போன் அணைந்துவிட்டது.

ஜீப் அந்நேரம் மெட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். "இறங்க வேண்டாம், மண் சரிகிறது, திரும்புங்கள்" என்று ஜீப் டிரைவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. எல்லையோரத்தில் நெட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. பேச்சு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கும். மேனேஜரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைப் பேசச் சொல்லலாம் என்று எழுந்து ஓடினேன். வாசலில் நின்றுவிட்டேன். அவரிடமும் முதலில் நான்தானே விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்! எழுதிக் காட்டலாம் என்பது அந்த அவசரத்தில் தோன்றவே இல்லை.

வேறு வழியில்லாமல் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"சொல்லு தம்பி."

எனக்கு 'ம' வரவில்லை. 'நி' வரவில்லை. மாற்றிப் போட வேறு சொல்லும் கிடைக்கவில்லை. டிரைவர் நல்ல மனிதர். எனக்கு உதவுவதாக நினைத்து அவரே சொல் எடுத்துக் கொடுத்தார். "என்ன, நாளைக்கு ஆளு கூட வேணுமா? டீசல் சமாச்சாரமா? சரி சரி, இங்கன மழை அடிச்சு ஊத்துது, வந்து பேசிக்கிறேன்." வைத்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து நான் பேச ஆரம்பித்ததையெல்லாம் மற்றவர்கள்தான் முடித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மேசையை ஓங்கிக் குத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

இந்த முறை எடுத்தது ஒரு பெண் குரல். தோட்ட வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிற அக்கா, எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து வருபவர். தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. "ஆரு, ஆபீஸ் தம்பியா?" என்றார். எனக்கு 'ஆமா'கூட வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ டிரைவரிடம் சொல்வது கேட்டது. "அண்ணே, வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டுங்க."

"கொட்டுற மழையில எங்கிட்டு ஆத்தா நிப்பாட்டுறது? போய்க்கிட்டே பேசு."

"நிப்பாட்டுங்கண்ணே, சொல்றேன்ல!"

என்ஜின் அடங்கியது. தார்ப்பாயில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து யாரோ, "ஏன் நின்னுருச்சு?" என்று கேட்க, "செத்த நேரம் சும்மா இருங்கடி" என்று அக்கா அதட்டினார். பிறகு என்னிடம், "வண்டி நின்னுருச்சு தம்பி. மெதுவாச் சொல்லுங்க, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. என்ன, ஏது என்று கேட்கவில்லை. ஒரு 'ம்' கூடக் கொட்டவில்லை. சும்மா காத்திருந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை என்று என் உடம்புக்கே புரிந்த மாதிரி, தொண்டை மெல்ல விட்டது.

"ம... மண்ணு. ச... சரியுது. இ... இறங்காதீக."

"அடி ஆத்தி!" என்றார். "அண்ணே, திருப்புங்க வண்டிய."

மேலே ஏறி, குமுளி வழியாகச் சுற்றி, லோயர் கேம்ப் இறங்கி அவர்கள் கம்பம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த வளைவில் ரோட்டையே மண் மூடிவிட்டது என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஜீப் ஓடிக்கொண்டே இருந்திருந்தால், நேராக அந்த வளைவுக்குள்தான் போயிருக்கும். என் வார்த்தை போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த அக்கா வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஜீப் வந்து நிற்கும் இடத்தில் போய்க் காத்திருந்தேன். அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே இறங்கினார். நன்றி சொல்லப் போனேன், அதுவும் திக்கிற்று. நான் சொல்லி முடிக்கும்வரை மழையில் நின்றார். விஷயம் என்னவென்றே தெரியாமல் ஏன் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி தம்பி? நீங்க போனே போட மாட்டீகன்னு டிரைவர் அண்ணன் எப்பவும் சொல்லுவாக. பேச வராத பிள்ளை ரெண்டு தடவை கூப்பிடுதுன்னா, சும்மாவா கூப்பிடும்?" என்றார். பக்கத்தில் நின்ற டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அடுத்த வருடம் எங்களை மதுரைக்கு அழைத்துப் போய், வேலை இடத்தில் எப்படிப் பேசுவது என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நிமிர்ந்து பேசு, முகம் பார்த்துப் பேசு, தயங்காதே என்றார்கள். நல்ல விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறவனைப் பற்றியே சொன்னார்கள், கேட்கிறவனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது.

இப்போது நான் போன் போட்டுத்தான் பேசுகிறேன். திக்கத்தான் செய்கிறது, அவசரக்காரர்கள் பாதியில் வைத்துவிடவும் செய்கிறார்கள். திரும்பக் கூப்பிடுகிறேன். பேசி முடிக்க எனக்கு இன்னமும் நேரம் ஆகிறது. ஆனால் எதிரே ஒருவர் சொல்ல முடியாமல் தயங்கினால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அவருக்காகக் காத்திருக்க எனக்கு இப்போது ஒரு நொடிகூட ஆவதில்லை.