பச்சையம்மாவின் காலி இடம்

“செருப்ப கய்ட்டு” என்பாள் பச்சையம்மா, குனிந்த தலை நிமிராமலே. எண்ணூர்க் கடலோரத்தில் அவள் நெத்திலி காயவைக்கும் மணலுக்குள் யார் வந்தாலும் இதுதான் முதல் பேச்சு. மீன் வியாபாரி, போலீஸ்காரர், ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், எல்லோரும் கழற்றியிருக்கிறார்கள். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் முறைத்துப் பார்த்தார். “சோத்துத் தட்டு மேல காலு வெப்பியா நைனா?” என்று கேட்டாள். அவரும் கழற்றினார்.

வயது ஐம்பத்திரண்டு. உப்பு ஏறி வெடித்த விரல்கள். காலை எட்டு மணிக்குள் பழைய வலைகளை விரித்து மீனைப் பரப்பிவிடுவாள். பிறகு பகல் முழுக்கத் திருப்பிப் போடுவதும் காக்கைகளோடு மல்லுக்கட்டுவதும்தான் வேலை. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து சாம்பல் பறக்கும் நாளில் காற்றை முகர்ந்தே தெரிந்துகொண்டு மீனை மூடிவிடுவாள். காக்கைகளுக்கெல்லாம் பெயர் வைத்துத் திட்டுவது அவள் வழக்கம். இருப்பதிலேயே பெரிய திருட்டுக் காக்கைக்கு இப்போது ‘மேயரு’ என்று பெயர்.

நிஜ மேயருக்கு ஒரு கனவு இருக்கிறது. மூடிய தொழிற்சாலைகளும் துருப்பிடித்த கூரைகளுமாகக் கிடக்கும் வடசென்னையைத் தூக்கி நிறுத்தப்போகிறாராம். வழவழப்பான தாளில் புத்தகமே போட்டாயிற்று. பாழடைந்த ஆலைக்குள் அருங்காட்சியகம், ஆற்றோரம் சைக்கிள் பாதை. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் பதினேழாம் பக்கத்தில் பச்சையம்மாவின் மணல் இருக்கிறது. அதன்மேல் நீரூற்றும் சிற்றுண்டிக் கடைகளும் வரைந்திருக்கிறார்கள். கீழே ‘பயன்பாட்டில் இல்லாத காலி இடம்’ என்று எழுதி, அதற்குச் சாட்சியாக ஒரு ட்ரோன் படம். அதில் மீன் இல்லை, வலை இல்லை, ஓர் ஆள் இல்லை.

மூலையில் மட்டும் ஒரு நீலப் பந்தல் தெரிகிறது. அது பச்சையம்மா வீட்டு வாசல். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஜெகதீசனைக் கிடத்தியிருந்த பந்தல். ஊரில் சாவு விழுந்தால் அந்தக் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை, வலை விரிப்பதில்லை, மீன் காயவைப்பதில்லை. செத்தவருக்கு ஊர் செய்யும் மரியாதை அது. கணக்கெடுக்க வந்த கம்பெனி அந்த மரியாதையைப் படம் பிடித்துக் காலி இடம் என்று எழுதிவிட்டது. வாசலில் அத்தனை கூட்டம் நின்றதே, ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போயிருப்பார்கள்?

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பச்சையம்மா மைக்கைப் பிடுங்கினாள். “எம் புருசன் சாவ வெச்சே எம் பொயப்ப புடுங்கிகினு போறீங்களே, இது இன்னா நாயம்?” மேயர் வருத்தப்பட்டார், பக்கத்திலிருந்தவரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வரும் வியாழன் காலை பத்து மணிக்கு மறுபடி படம் எடுப்பார்கள். அப்போது இடம் பயன்பாட்டில் இருந்தால் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

புதன்கிழமை மாலை, ஊர்த் தலைவர் ரகுபதியின் அண்ணன் இறந்துபோனார்.

அந்தத் துக்கத்திலும் ரகுபதி அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்தார். ஆர்டர் போட்டாயிற்று, தேதியை மாற்ற முடியாது என்றார்கள். இனி சாவதற்கும் ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் சாக வேண்டும் போலிருக்கிறது. ரகுபதி போனை வைத்துவிட்டு, ஊர் வழக்கத்தை மீற முடியாது, இடத்தை எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

வியாழன் காலை பச்சையம்மா சாவு வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜெகதீசனின் பாடைக்குத் தோள் கொடுத்தவர் இறந்துபோன அந்த அண்ணன். பிறகு எழுந்து போய், முதல் நாள் உப்பில் போட்டிருந்த நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டு மணலுக்கு வந்தாள். தனியாளாக வலையை விரித்தாள். பார்த்த பெண்களில் இரண்டு பேர் காறித் துப்பினார்கள். அவள் மீனைப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

பத்து மணிக்குச் சற்று முன், சாவு வீட்டிலிருந்து ரகுபதி ஓட்டமும் நடையுமாக வந்து மணலின் ஓரத்தில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. “எங்கண்ணன் வாசல்ல கெடக்க சொல்லோ நீ மீனு காயப்போடுறியா?”

“எம் புருசன் கெடக்க சொல்லோ எல்லாரும் கையக் கட்டிகினுதான நின்னோம்? காலின்னு எய்திட்டான். இன்னிக்கும் எய்துவான்.” இன்னொரு பிடி மீனை அள்ளி வலையில் உதறினாள். “பாவம் எந்தலையோட போவட்டும். நீ போ.”

ரகுபதி போகவில்லை. தலைக்கு மேல் ட்ரோன் இரையும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தார். பாதி மணல் இன்னும் வெறுமையாகக் கிடந்தது, கூடையில் பாதி மீன் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலுக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார்.

பச்சையம்மா நிமிரவில்லை. செதில் ஒட்டிய விரலை நீட்டி அவர் செருப்பைக் காட்டினாள்.