குளவிக்காக விட்ட ஒரு சாண் சுவர்

தேங்காய் மட்டையின் நுனியைக் கல்லில் வைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறேன். நார் பிரிந்தால்தான் சுண்ணாம்பு சுவரில் இழையும். நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வெள்ளையடிக்கிறவளுக்கு எசமானி இரண்டு பேர்: ஒருத்தி வீட்டுக்காரம்மா, இன்னொருத்தி குளவி. மார்கழியில் பரண் ஒழித்து, ஒட்டடை அடித்து, கொட்டு வாங்கிய அக்காமாருக்கு இது புரியும். நான் மூணாவது வரைக்கும்தான் படித்தவள். பேசச் சொன்னால் வாய் வராது. எழுத்து எப்படியோ வந்துவிடுகிறது.

ஈரச்சாக்கு

யுத்தம் முடிந்த வருஷம் ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக்கு, நானும் என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலையும் வேலைக்குப் போனோம். பரணில் பானை அளவுக்குக் கதண்டுக் கூடு. கதண்டு பெரிய குளவி. நாலு கொட்டினால் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அஞ்சலை அண்ணி அவசரப்படவில்லை. மறுநாள் விடியற்காலைப் பனியிலேயே வந்தாள். குளிரில் றெக்கை விறைத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடந்தன. பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஈரச்சாக்கைப் போர்த்தி, கூட்டோடு முடிந்து, கொல்லைக்குக் கொண்டுபோய் நெருப்பில் போட்டாள். வீட்டுக்காரம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"ஏண்டி அஞ்சலை, ஒம் புருசன் ஒன்கிட்ட எப்புடிடி வாயத் தொறக்குறான்?"

மரகதம் அறை

அந்தம்மாவின் மருமகள் மரகதம். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. என் கைப்பிள்ளையின் தூளியை அவள் அறையில்தான் கட்டியிருந்தேன். அதை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "வூடு எதுக்கு வெள்ளையாவுதுன்னு தெரியுமா? அவருக்கு ரெண்டாந்தாரம் பாக்குறாங்க. தை பொறந்ததும் பொண்ணு வூட்டுலேருந்து வராங்க."

அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. குளவி கட்டின அறையில் தொட்டில் ஆடும் என்பார்கள். எங்கள் பக்கம் யாரும் அதில் கை வைப்பதில்லை. மரகதம் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மட்டை படாம அடிப்பியா தனம்?"

வீங்கின உதடு

பரணில் ஒரே ஒரு கதண்டு தப்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் அது அண்ணியின் உதட்டில் கொட்டிவிட்டது. வாய் பணியாரம் மாதிரி உப்பிப்போயிற்று. வீட்டுக்காரம்மாவுக்கு அதுவே சாக்கு. "மருமவ அறையில இருக்குற கூட்டை இடிச்சு, அந்த மண்ணைக் கொழைச்சுப் பூசுடி. வீக்கமும் வத்தும், செவுரும் சுத்தமாவும்" என்றாள்.

குளவிமண் வீக்கத்துக்கு மருந்துதான், பொய்யில்லை. ஆனால் அண்ணி, வலியில் கண்ணீர் வழிய, வேண்டாமென்று தலையை ஆட்டினாள். எப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். அன்று அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "கூட்டை இடிக்கச் சொன்னது யாருன்னு ஊருல கேட்டா, நீங்கதான்னு சொல்லிடலாமுங்களாம்மா?"

கூட்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு நான் அடித்து முடிக்கும்வரை அந்தம்மா பின்னாலேயே நின்றாள். பிறகு சொன்னாள்:

"ஊமைன்னுல்ல நெனச்சேன் ஒன்னை!"

வண்டி கட்டி வந்தவர்கள்

தை பிறந்து, மிச்சமிருந்த கொல்லைச் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே வந்து மரகதம் அறையில் நின்றுவிட்டாள். பால் மாதிரி வெளுத்த சுவரில் அந்தக் கூடு மட்டும் தனியாகத் தெரிந்தது. இது யார் அறை என்று கேட்டாள். மரகதமே முன்னால் வந்து, "என்னோடதுங்க" என்றாள். தலைகூடக் குனியவில்லை.

பெற்றவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"குளவி கட்டுன வூட்டுல எம் பொண்ணுக்கு என்ன வேலை? மூத்தவ புள்ளைக்குத் தூளி ஆட்டவா? வண்டியப் பூட்டச் சொல்லு!"

இரண்டு வருஷமாகிறது. மரகதத்துக்குக் குழந்தை இன்னும் இல்லை, சக்களத்தியும் இல்லை. இந்த மார்கழிக்கும் அந்த ஒரு சாணை விட்டு அடிக்கச் சொல்லி அவளே ஆள் அனுப்பியிருக்கிறாள். எத்தனையோ வீட்டை வெள்ளையாக்கியிருக்கிறேன், ஆனால் நான் செய்த வேலையிலேயே உருப்படியானது மட்டை படாமல் விட்ட அந்த ஒரு சாண்தான், ஏனென்றால்... "அடியே தனம், சுண்ணாம்பு பொங்குதுடி!" இதோ வரேன் அண்ணி, பொங்கினால் பொங்கட்டும், இந்த ஒரு வரியை மட்டும்