கிள்ளான் ரயிலில் போன காது

விமானம் காலை ஏழரைக்குத் தரையிறங்கியது. கடப்பிதழ் வரிசையைத் தாண்டி, நான்கு பெட்டிகளையும் தேடி எடுத்து, வெளியே வந்து கோலாலம்பூர் வெயிலில் நின்றபோது ஒன்பதாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட் கொடுத்து ஏறினோம். வழி நெடுக, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கயல், "அப்பா, இது பூரா தென்னையா?" என்று கேட்டாள். தென்னையைக் குட்டையாக்கித் தலைமுடியைக் கலைத்துவிட்டது போல இருக்கிறது என்று சுதா சொன்னாள்.

நாங்கள் மூன்று பேர். சுதாவுக்கு இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு வேலை அனுமதி; எனக்கும் மகளுக்கும் அவளைச் சார்ந்து வாழும் அனுமதி. அந்த அனுமதியில் நான் வேலை பார்க்க முடியாது. மதுரையில் பன்னிரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், வீடு தேடவும் பள்ளிக்கூடம் தேடவும் சாம்பார் வைக்கவும் கிளம்பி வந்திருந்தேன்.

கயலுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேளாது. இரண்டரை வயதில் அறுவை சிகிச்சை செய்து, தலைத்தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் சற்று மேலே, கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு கருவி. வெள்ளை நிறம். அது காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் அவளுக்கு உலகம் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. அதை அவள் "என் காது" என்றுதான் சொல்வாள்.

முதல் வாரங்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தங்கினோம். முதல் நாள் சாயங்காலமே ஒரு சிக்கல். காதின் சார்ஜர் நம்மூர் உருண்டைக் கால் பிளக். சுவரில் இருந்ததோ சதுரக் கால் மூன்று நுழையும் துளை. கீழே இறங்கி ஓடினேன். பலசரக்குக் கடைக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே அடாப்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எப்படிங்க தெரியும்?"

"இந்தியாவுலேருந்து வர்றவங்க மொதல்ல வாங்குற சாமான் இதான் அண்ணே. எட்டு வெள்ளி. பசியாறியாச்சா?"

இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள் தமிழர்கள். பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்த மாலை ஆறு மணிக்கு அவர் என்னைக் கேலி செய்திருக்கிறார், பாவம் நான் "ஆச்சுங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

வரப்போகிறவர்களுக்குச் சில தகவல்கள். தொலைபேசி எண் வாங்கக் கடப்பிதழ் போதும். பத்து நிமிடத்தில் கையில் தந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்குக்கு நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். நம்மூர் ஓட்டுநர் உரிமத்தை நம்பிக் காரைத் தொடாதீர்கள், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது இருப்பதிலேயே கடினம். தமிழ்ப்பள்ளிகளைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது, ஆனால் அவை அரசுப் பள்ளிகள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது எளிதில்லை. கடைசியில் ஷா ஆலம் பக்கம் ஒரு தனியார் பள்ளி, குழந்தையை நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அதற்குள் வீடு முடிய வேண்டும். வீடுதான் முடியவில்லை.

வீட்டுத் தரகர் குமார், முப்பது வயதுக்காரர், மூன்று நாள் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். இரண்டு வீடுகள் எங்களுக்குப் பிடித்திருந்தன. இரண்டுக்கும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது முறை அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, ஓனர் இந்தியன் வேணாம்னு சொல்றாரு. சாரி அண்ணே."

"நாங்க சுத்தமா வச்சுக்குவோம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் அண்ணே. நானும் இந்தியன்தான் லா. இங்கயே பொறந்தவன். எனக்கே வாடகைக்கு வீடு கெடைக்க ஆறு மாசம் ஆச்சு."

அன்று இரவுச் சாப்பாட்டில் சுதாவிடம் சொன்னேன். வந்தது தப்போ என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை குமார் மறுபடியும் அழைத்தார். கிள்ளானில் அவருக்குத் தெரிந்த புஷ்பா என்ற அக்கா, டயாலிசிஸ் நிலையத்தில் தாதியாக வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டையும் சொந்தமாக வைத்திருக்கிறார், காலியாக இருக்கிறது என்றார். நான் உடனே அந்தப் புஷ்பா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பிள்ளைங்க இருக்கா தம்பி?"

"ஒரு பொண்ணு."

"அப்ப வாங்க லா. வீடு ரொம்ப சத்தமில்லாம கெடக்கு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் கயலும் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறினோம். சுதா வேலைக்குப் போயிருந்தாள். கிள்ளானுக்கு ஒரு மணி நேரப் பயணம், பெரியவருக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். பெட்டிக்குள் குளிர் பற்களைக் கிட்டவைத்தது. கயல் கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த எஃகுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். எதிர் இருக்கையில் ஒரு சீன அம்மாள், காலடியில் கீரைக்கட்டுகள் நிறைந்த பெரிய பிளாஸ்டிக் பையோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தலையில் இருந்த பொத்தானைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஊரிலும் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

கிள்ளான் நிலையம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. அறிவிப்பு மலாயில் வந்ததால் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகே துள்ளி எழுந்தேன். கயலைத் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் யாரோ கத்தியது கேட்டது. எங்களைத்தான் என்று தோன்றவில்லை. கதவு மூடியது, ரயில் நகர்ந்தது.

கயல் நடைமேடையில் நின்று தலையைத் தடவினாள். பிறகு இரண்டு கைகளாலும் தடவினாள்.

"அப்பா, சத்தம் போச்சு!"

தன் குரல் தனக்கே கேட்காததால் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கீழே விழுந்திருக்குமோ என்று தரையெல்லாம் தேடினேன். அப்போதுதான் அந்த எஃகுக் கம்பி நினைவுக்கு வந்தது. மதுரை வீட்டில் விளையாட்டாகக் காதைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டவைப்பாள். காந்தம் இரும்பைக் கண்டால் விடாது. சட்டைக் காலரோடு பிணைக்கும் சின்னக் கயிறு இன்னும் பெட்டிக்குள்தான் கிடந்தது. தூக்கத்தில் அவள் தலை எழுந்துவிட்டது, காது கம்பியிலேயே நின்றுவிட்டது.

அது போனால் இன்னொன்று ஊரிலிருந்து வரவேண்டும். அவளுக்கென்று அளவு வைத்துச் சரிசெய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தெரியாத நாட்டில், தெரியாத மொழிக்கு நடுவே, அவளுக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. திங்கட்கிழமை பள்ளியில் போய் எதைக் காட்டுவேன்?

சீட்டு வழங்கும் இடத்தில் தலைத்துணி அணிந்த ஒரு மலாய் அதிகாரி இருந்தார். எனக்கு மலாய் தெரியாது. பதற்றத்தில் ஆங்கிலமும் வரவில்லை. கயலைத் திருப்பி நிறுத்தி, அவள் தலையில் அந்தக் காந்தம் ஒட்டும் இடத்தைத் தொட்டு, ரயில் போன திசையைக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே வந்து, குனிந்து குழந்தையின் தலையைப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

அடுத்தடுத்த நிலையங்களுக்குப் பேசினார். தெலுக் பூலாய் என்ற பெயர் காதில் விழுந்தது, கம்போங் ராஜா ஊடா என்பது விழுந்தது. தலையை ஆட்டினார், இல்லை. ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் துறைமுக நிலையத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. "வெயிட், வெயிட்" என்று மேஜையிலிருந்த மிட்டாயை எடுத்துக் கயலின் கையில் வைத்தார்.

என் போன் அடித்தது. புஷ்பா அக்கா. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"அழாதீங்க தம்பி. அங்கயே நில்லுங்க, நான் காடி எடுத்துட்டு வரேன்."

பத்து நிமிடத்தில் வெள்ளைக் கார் ஒன்று நிலைய வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தார். அதிகாரியிடம் மலாயில் இரண்டு நிமிடம் பேசினார், தன் எண்ணைக் கொடுத்தார், எங்களைக் காரில் ஏற்றினார்.

"போர்ட்டுக்கே போயிடுவோம். ரயிலு அங்க கொஞ்ச நேரம் நிக்கும்."

"உங்களுக்கு வேலைக்கு நேரமாகுமே அக்கா."

"சொல்லிட்டேன். மத்த தாதிங்க இருக்காங்க லா."

சாலையில் கன்டெய்னர் லோரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்கு ஒரு யுகம். கயல் பின் இருக்கையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு படிக்க. அவளைப் பார்த்துச் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு என்று கண்டுபிடித்துவிட்டாள்.

பாதி வழியில் அக்காவின் போன் அடித்தது. காரை ஓரம்கட்டி எடுத்தார். மலாயில் பேச்சு நீண்டது. அவர் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போர்ட் ஸ்டேஷன்ல யாரோ ஒரு அம்மா வச்சிருக்காங்களாம். வெள்ளையா, வட்டமா. பெஞ்சுல உக்காந்திருக்காங்களாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் திரும்பிப் போயிருந்தது. நடைமேடை காலி. ஒரே ஒரு பெஞ்சில், கீரைப் பை காலடியில் இருக்க, எதிர் இருக்கையில் வந்த அதே சீன அம்மாள். மடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம் போலக் குவித்து வைத்திருந்தார். அதற்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் கயலின் காது.

கயல் என் கையை உதறிவிட்டு ஓடினாள். தானே எடுத்து, தலையில் வைத்து, ஒரு விநாடி கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் படகுத்துறையில் ஒரு படகு நீளமாக ஊதியது. அவள் கண்கள் அகலத் திறந்தன.

"அப்பா! கப்பல்!"

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாளுக்குச் சீனம் தவிர, சந்தையில் பேசும் மலாய் மட்டும்தான் தெரிந்தது. புஷ்பா அக்கா கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். பிள்ளை தலையில் இருந்ததை முன்பே பார்த்ததால், கம்பியில் ஒட்டியிருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தார், கதவு மூடிவிட்டது. இறங்கியதும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால், அந்நேரம் நிலையத்தில் ஆள் இல்லை. பிறகு ஆள் வந்தார். ஆனாலும் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. மேஜையில் எங்காவது வைத்து உடைந்துவிட்டால், பிள்ளை எப்படிக் கேட்கும்?

"இவங்க வீடு கெத்தாம் தீவுல," என்றார் அக்கா. "படகுலதான் போகணும். இப்ப ஊதிட்டுப் போச்சே, அதான் இவங்க படகு."

நான் எழுந்து நின்றேன். கும்பிட்டேன். அவர் கைகளை ஆட்டி, அதெல்லாம் வேண்டாம் என்பதுபோல் சிரித்தார். தர என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமென்று பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய வடைப் பொட்டலம் மட்டும் பையில் இருந்தது. நீட்டினேன். பிரித்து, முகர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்து அங்கேயே கடித்தார். மிளகு உறைத்திருக்க வேண்டும், வாயை விசிறிக்கொண்டே இரண்டாவதை எடுத்தார். அக்கா சொல்லிக்கொடுக்க, கயல் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னாள். "சாமா-சாமா" என்று பதில் வந்தது. அந்தச் சொல் கயலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த படகு வரும் வரை இருவரும் மாறி மாறி அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படகு வந்தது. கீரைப் பையை நான் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். அது கரையை விட்டு நகர்ந்து, சதுப்புக்காட்டு வளைவில் மறையும் வரை நின்றோம். பெயரைக் கேட்கவில்லை என்பது காருக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் வீட்டைப் பார்த்தோம். முன்னால் ஒரு ரம்புத்தான் மரம், சமையலறையில் நல்ல வெளிச்சம். கயல் ஒவ்வொரு அறையாகப் போய்க் கைதட்டி எதிரொலி கேட்டாள். புஷ்பா அக்கா வாசலில் நின்று சாவியை என் கையில் கொடுத்தார். "ஒப்பந்தமெல்லாம் பொறவு எழுதிக்கலாம். மொதல்ல வந்து சாமான இறக்குங்க."

திங்கட்கிழமை பள்ளியில் கயலிடம் என்ன தெரியும் என்று கேட்டார்கள். படகு எப்படி ஊதும் என்று ஊதிக் காட்டினாள். சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது கிள்ளானில்தான் இருக்கிறோம். வீடு தர மறுத்தவர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். குமார் இன்னமும் யாருக்காவது அந்த வருத்தமான போனைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் அழைத்தால் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்: "அங்க ஆத்திர அவசரத்துக்கு நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். புஷ்பா அக்காவைத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவரையும்தான். ஆனால் ‘நம்ம ஆளுங்க’ என்றதும் எனக்கு முதலில் தெரிவது, ரயில் நிலையத்தில் மிட்டாய் நீட்டிய ஒரு கையும், படகைப் போகவிட்டுப் பெஞ்சில் குவிந்திருந்த இரண்டு உள்ளங்கைகளும்.