போஸ்டருக்குக் கீழே என் நம்பர்

நான் சவப்பெட்டி விற்கிறேன். வேன் ஓட்டுகிறேன். குளிப்பாட்டுவதிலிருந்து சாம்பல் கரைக்கிற வரைக்கும் எல்லாம் செய்து கொடுப்போம். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் கூலாயில் கடை. தமிழ்ப்பள்ளியோடு என் படிப்பு முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் விளம்பரம் கிடையாது. கார்டு கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். யாரையும் கடைப்பக்கம் வாங்க என்று கூப்பிட மாட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கூட்டாளி ஒருவன், "இப்பவே நல்லா பாத்துக்கடா, அப்புறம்லாம் வேணாம் லா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சரிதான்.

என் மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. ஜொகூர் பாருவில் இதே தொழில் செய்கிறவர்கள் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறார்கள், நாம் மட்டும் கம்பத்துப் பட்டிக்காட்டுக் கடை மாதிரி இருக்கிறோம் என்றான். தெப்ராவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். கன்சல்டன்ட். சோசியல் மீடியாவை வைத்து வியாபாரத்தை எப்படி வளர்ப்பது என்று கடைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவர் வேலை. மரியாதையான பெண். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டிகளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். போன் மேப்பில் எங்கள் கடை வேறு ஏதோ ரோட்டில் இருந்தது. சரி செய்தார். ஆன்லைனில் கடைக்கு ஒரு பேஜ் திறந்து, எதற்கு எவ்வளவு ஆகும் என்று அதில் போடச் சொன்னார். போட்டோம். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் விலை பேசுகிற கொடுமை குறைந்தது. அதற்கு நன்றி.

அப்புறம் போஸ்டர் என்றார். முன்பு சாவுச் செய்தியைப் பேப்பரில் போடுவார்கள், இப்போது போனில்தான் போகிறது, அந்தப் போஸ்டரை நாமே அழகாகச் செய்து கொடுப்போம், கீழே கடைப் பெயரும் நம்பரும் இருக்கும் என்றார். யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுடைய போஸ்டர்தான் சுற்றும், அதனால் வேகம் முக்கியம் என்றார். நம் ஆட்கள் நிறையப் பேர் சிங்கப்பூரில் வேலை செய்வதால் அங்கேயும் தெரிகிற மாதிரி வைக்கலாம் என்றார்.

"ஷேர் பண்ற ஒவ்வொருத்தரும் நமக்கு சேல்ஸ்மேன் அங்கிள்."

மருமகன் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் ஒன்றுதான் சொன்னேன். வீட்டுக்காரர்கள் போடச் சொன்ன பிறகுதான் போட வேண்டும். சரி அங்கிள் என்று எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் அம்மா செத்துவிட்டார் என்று போனில் சொல்ல மாட்டார்கள். சீரியஸ், லீவு போட்டுவிட்டு வா என்பார்கள். பிள்ளை பயந்துகொண்டேதான் கிளம்புவான், ஆனாலும் வந்து சேருவான். தாமான் முனையில், வீட்டு வரிசை தொடங்குகிற இடத்தில், மாமாவோ சித்தப்பாவோ நிற்பார். தோளில் கை போட்டுத்தான் சொல்வார். அதுவரை நாங்கள் சங்கு ஊத மாட்டோம். மேளக்காரர்களை உட்காரச் சொல்லிவிடுவோம். ரோட்டு முனையில் சாவு வீட்டுக்கு வழி காட்டுகிற அம்புக்குறி அட்டை கட்ட மாட்டோம். பொய்தான். விழுகிறவனைப் பிடிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்காகச் சொல்கிற பொய். என் வேலையில் பாதி அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது.

செனாயில் ஒரு வீடு. காலையில் அந்த அம்மா போய்விட்டார். ஒரே பையன், சிங்கப்பூரில் வேலை. மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன். அப்பா போனில் சீரியஸ் என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் எல்லாரிடமும், தம்பி வருகிற வரைக்கும் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது என்றார். யாரும் அனுப்பவில்லை. சின்னப் பிள்ளைகள்கூடப் போனைத் தொடவில்லை.

மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். அந்த அம்மாவின் அண்ணன் மகள் ஒரு நல்ல படம் கொடுத்தாள். பிரேம் போட அதை என் மகளுக்கு அனுப்பினேன். கடையில் கணக்கு, போன் எல்லாம் மகள்தான். அவள் வழக்கம்போல் படத்தையும் பெயரையும் போனில் இருக்கிற கடை குரூப்பில் போட்டாள். அந்த குரூப்பில் பிரேம் கடைக்காரர் இருக்கிறார். கன்சல்டன்டின் ஆபீஸ் ஆட்களும் இருக்கிறார்கள். படமும் பெயரும் வந்தால் போஸ்டர் செய்து போட்டுவிட வேண்டும் என்று அங்கே உத்தரவு. வீட்டுக்காரர்கள் சொன்னார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வேகம் போய்விடும்.

நான் அந்த அம்மாவுக்குக் கால்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர். வெளியே வந்து எடுத்தேன்.

"அண்ணே, உங்க நம்பர் போஸ்டர்ல இருக்கு."

பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். சிங்கப்பூரிலிருந்து வருகிற பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கிறான் என்று தெரிந்தது. கூடப் படித்தவன் எவனோ ஆழ்ந்த அனுதாபம் என்று போஸ்டரை அனுப்பியிருக்கிறான். அப்பாவைக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. அதனால் போஸ்டரில் இருந்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறான்.

"எங்கம்மா படம் போட்டிருக்கு. உண்மையா அண்ணே?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளில் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நான் இருந்ததில்லை. சொல்லி முடித்த பிறகு வருகிறவன் நான்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. கஸ்டம்ஸ் தாண்டியதும் முதல் பெட்ரோல் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்து, அதற்கு மேல் ஓட்டாதே, நான் வருகிறேன் என்றேன். ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவனுடைய தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டு வாசலில் கார்கள் ஒன்றை ஒன்று மறித்து நின்றன. வெளியே எடுக்க முடிந்தது என் வேன் ஒன்றுதான். பிணம் ஏற்றுகிற வேன். வழியெல்லாம் மாமன், ஓரமாக விழுந்து கிடக்கிற மோட்டார் சைக்கிள் ஏதாவது இருக்கிறதா என்று எதிர்ப்பக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மாமன் கழற்றிவிட்டார். வேனில் ஏறியதும் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தான். காலியாக இருந்தது. செனாய் வரும் வரைக்கும் மாமன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் பிந்திப்போன கை.

அந்த நேரத்தில் நான் யாரையும் திட்டவில்லை. வேலை இருந்தது. எடுத்தோம், எரித்தோம், மறுநாள் சாம்பல் கரைத்தோம். மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் சாப்பிடவில்லை. போஸ்டரைப் பேஜிலிருந்து எடுக்கச் சொல்லி ஆபீஸுக்குப் போன் செய்தாள். எடுத்தார்கள். எதற்கு என்று அங்கேயும் கேட்கவில்லை. ஆனால் அடுத்தவன் போனுக்குப் போனதை எடுக்க முடியாதாம்.

மாதக் கடைசியில் கன்சல்டன்ட் வந்தார். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அந்த அம்மாவின் படம் இருந்தது. கீழே என் நம்பர்.

"இந்த மாசம் இதுக்குத்தான் அங்கிள் ரீச் அதிகம். எடுத்திட்டீங்களே, வேஸ்ட்."

மருமகன் பக்கத்தில் நின்றான். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. தெரியாது அங்கிள், சாரி என்றார். அது உண்மையான சாரிதான். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். இனிமேல் போடுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு தடவை ஓகே வாங்குகிற மாதிரி வைத்துவிடலாம் என்றார். பிறகு,

"ஆனா நாம போடலைன்னாலும் யாராச்சும் அனுப்பியிருப்பாங்கதானே அங்கிள்?"

"அனுப்பியிருக்கலாம். என் நம்பரைப் போட்டு அனுப்பியிருக்க மாட்டாங்க."

லேப்டாப்பை மூடினேன். நானே மூடினேன், என் கையால். அடுத்தவர் பொருளை அப்படித் தொட்டது தப்புதான். தொட்டேன். இனிமேல் வர வேண்டாம் மா என்றேன். மருமகன் வாயைத் திறந்தான். அவனைப் பார்த்தேன். மூடிக்கொண்டான்.

கோபம் அந்தப் பெண் மேல் மட்டும் இல்லை. அவருக்குச் சாவு வீடு தெரியாது, கடை தெரியும். ஒரு வீடே, சின்னப் பிள்ளை உள்பட, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கிழவர் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார். அதை ஒரு படம் செய்து உடைத்துவிட்டு, அதற்கு ரீச் என்று பெயர் வைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு எரிகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் கொண்டுபோனபோது அந்தப் பையனைப் பார்த்தேன். மொட்டை அடித்திருந்தான். காப்பி கொடுத்தான். கிளம்பும்போது வேன் வரைக்கும் கூட வந்தான்.

"உங்க நம்பர் என் போன்ல இருக்குண்ணே. அழிக்கவும் முடியல, வச்சிருக்கவும் முடியல."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் போஸ்டர் இன்னும் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சிலர் கூப்பிட்டார்கள். எங்கிருந்து நம்பர் கிடைத்தது என்று கேட்டால், ஒரு அம்மா படத்துக்குக் கீழே இருந்தது என்றார்கள். வேலை வந்தது. செய்தேன். செய்து முடித்த பிறகு கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் அந்த நம்பரை வெட்டிவிட்டேன். வேன் கதவில் புது நம்பர் எழுதியாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வைத்திருந்த நம்பர். தோட்டத்து ஆட்கள், மேளக்காரர்கள், ஐயர்மார்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தது. மகள் கேட்டாள்.

"பழைய ஆளுங்க எல்லாம் எப்படிப்பா நம்மளத் தேடுவாங்க?"

"மேப்ல கடை இருக்கு. வருவாங்க."

பேஜை மூடச் சொன்னேன். விலைப்பட்டியலை மட்டும் பெரிய எழுத்தில் அடித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினோம். மருமகன்தான் ஒட்டினான். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. நான் போய் அழுத்திவிட்டேன்.