கொடி பறந்த நாட்கள்

சட்டன் சந்தையில் மழையில் நனைந்த நீலத் தார்ப்பாயின் வாசம் மூக்கில் பட்டால், 2009இல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு எதிரே எங்கள் ஆட்கள் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லிக் கூடியிருந்த புல்வெளி நினைவுக்கு வந்துவிடுகிறது. இப்போது அங்கே வெறும் புல்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டதும் தோர்ண்டன் ஹீத்தில் ரயிலேறி அம்மாவும் நானும் போவோம். பறை ஒலி, கோஷம், பிளாஸ்கில் வந்த இஞ்சித் தேநீர், மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய், சேற்றில் விரித்த அட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்மணிக்கொருதரம் பிக் பென்னின் மணியோசை. போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்த சித்திக்கு அம்மா ஓயாமல் போன் எடுத்துப் பார்ப்பார்.

பள்ளியில் லண்டனின் சின்னங்களைப் படிப்பித்திருந்தார்கள்.

"அந்த உயரக் கோபுரத்தில கொடி பறந்தா உள்ளுக்கை கூட்டம் நடக்குதாம், அம்மா. டீச்சர் சொன்னவா."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கொடி பறந்துகொண்டிருந்தது.

"அப்ப எங்கட சத்தம் அவைக்குக் கேக்கும், என்ன?" என்று கேட்டார்.

"ஓம், கேக்கும்."

அதன்பிறகு கொடி பறந்த நாட்களில் எல்லாம் அம்மா தொண்டை கட்டும்வரை கத்தினார்.

மே மாதத்தில், எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த பிற்பகலிலும் நாங்கள் அங்கேதான் நின்றோம். பறை ஓய்ந்தது. பெரியவர்கள் சேற்றிலேயே இருந்து அழுதார்கள். அம்மா அழவில்லை. சித்தியின் இலக்கத்தை அழுத்தி, போனை என் காதில் வைத்தார்.

"என்ன சொல்லுது எண்டு கேள், பிள்ளை."

பதிவுசெய்த பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசியது.

"பிறகு எடுக்கட்டாம், அம்மா."

அம்மா தலையாட்டினார். பிறகும் எடுத்தார், வருடக்கணக்காக.